அம்பாசடரும் அம்மாவின் தலைவலியும்

காரைக்குடியில் இருக்கும் மகள் வீட்டுக்குக் காரில் போனால் மட்டும் அம்மாவுக்குத் தலைவலி வரும். பஸ்ஸில் போனால் வராது.

“இந்த ஏசி எனக்கு ஒத்துக்கல ஐயா. தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது” என்று மேலூர் தாண்டியதும் ஆரம்பிப்பார். திருப்பத்தூரில் டீ குடிக்க இறங்கி, மர நிழலில் கால் மணி நேரம் நின்றால் குறையும். வண்டியில் ஏறினால் மறுபடி வரும். மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும், குமட்டுகிறது என்று சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்.

அம்மாவுக்கு வயது 78. அதனால் காரணம் சொல்வது எல்லோருக்கும் சுலபமாக இருந்தது. வயசாச்சு, மதுரை வெயில், வெறும் வயிறு, புளிச்ச ஏப்பம். ரத்த அழுத்தம் பார்த்தார்கள். கண்ணாடியை மாற்றினார்கள். காரை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை. ஏனென்றால் அது அப்பா வாங்கிய கார்.

1976 மாடல் மார்க் 3 அம்பாசடர். அப்பா நெல் வியாபாரி. மேலூர் சுற்றுவட்டாரத்தில் அவர் மிதிக்காத களம் இல்லை என்பார்கள். அந்த வண்டியும் அவரோடு எல்லா வரப்பையும் பார்த்திருக்கிறது. அவர் காலமான பிறகு வண்டி சில வருஷம் தார்பாய்க்கு அடியில் கிடந்தது. வங்கியில் வேலை பார்க்கும் மகன் அதை எடுத்து, ஒவ்வொரு போனஸுக்கும் ஒரு வேலையாகப் பார்த்தார். ஸ்டீயரிங்கில் இருந்த கியர் தரைக்கு வந்தது. சீட் மாறியது. கடைசியாக ஏசி ஏறியது. ஏசி ஏறியதால் கண்ணாடிகள் ஏறின. அதுவரை அந்த காரில் கண்ணாடியை ஏற்றி யாரும் பயணம் செய்ததே இல்லை.

மகனுக்கு இன்னொரு ஆசையும் பாக்கி இருந்தது. கல்லூரி நாளில் சோழவரம் பந்தயங்களின் படங்களைப் பத்திரிகையில் பார்த்த காலத்திலிருந்து இருக்கும் ஆசை. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், நம் ஊர் சாலைகளில் ஓடும் அதே மாதிரி கார்கள் வேறு ஒரு சத்தத்தோடு ஓடுமாம். அந்தச் சத்தத்துக்குக் காரணம் ‘ஹெடர்ஸ்’. இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் இடத்தில் கம்பெனி கொடுத்த வார்ப்பிரும்புக் குழாய்த் தொகுதியைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு வாசலுக்கும் தனித்தனியாக வளைத்த இரும்புக் குழாய்களை மாட்டுவது. வீட்டில் சொன்னால் ‘இருக்கிற சைலன்சருக்கு என்ன கேடு?’ என்பார்கள் என்று அவர் சொல்லவே இல்லை.

இந்த நேரத்தில்தான், காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ததும் ‘டிக் டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. இரண்டு நிமிடம் ஓடியதும் அடங்கிவிடும். சொன்னால் வெட்கக்கேடு, அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது. வண்டிக்கு ஒரு மிடுக்கு வந்துவிட்டது போல் இருந்தது.

உண்மையைக் கண்டுபிடித்தது நர்சிங் படிக்கும் பேத்தி. ஒரு காரைக்குடிப் பயணத்தில் அப்பத்தாவின் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டிப் பார்த்திருக்கிறாள். கொரோனா காலத்தில் வாங்கிய கருவி, பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. 98 காட்டியது. எல்லாம் சரி என்று விட்டுவிட்டாள்.

சில மாதம் கழித்து வகுப்பில் கார்பன் மோனாக்சைடு பற்றிப் பாடம் நடந்தது. நிறமில்லை, மணமில்லை. மூச்சில் கலந்தால் ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அசதி, தூக்கம். வெளிக்காற்றுக்கு வந்தால் குறையும். சாதாரண ஆக்சிமீட்டருக்கு, ஆக்சிஜனைப் பிடித்திருக்கும் ஹீமோகுளோபினுக்கும் இந்த வாயுவைப் பிடித்திருக்கும் ஹீமோகுளோபினுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆபத்தான நிலையிலும் அது 98 என்றே காட்டலாம்.

அன்று சாயங்காலம் வந்ததும் பையைக் கூட வைக்காமல் கேட்டாள்: “அப்பத்தா, வண்டிய விட்டு இறங்குனா வலி குறையுதா?”

“அதத்தான் நானும் ஒரு வருஷமா சொல்றேன்” என்றார் அம்மா.

மறுநாள் வண்டி தெற்குவாசல் பக்கம் இருக்கும் பழைய மெக்கானிக் ஒருவரின் பட்டறைக்குப் போனது. அப்பா காலத்திலிருந்து இந்தக் குடும்பத்து வண்டியைப் பார்ப்பவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் பானட்டைத் திறக்கவில்லை. பின்னால் போய், ஆறிக் கிடந்த சைலன்சர் வாயில் ஒரு ஏர் புளோயரைச் சொருகிக் காற்றை விட்டார். அதன் பிறகு முன்னால் வந்து இன்ஜின் ஓரத்தில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தார். வார்ப்பிரும்பு மேனிஃபோல்டின் நடுவில் ஒரு முடி போன்ற கோட்டிலிருந்து நுரை பொங்கியது. அந்தக் கோட்டைச் சுற்றிக் கரி படிந்திருந்தது.

“இதான் தம்பி உங்க டிக் டிக். சூடானா இரும்பு விரிஞ்சு கொஞ்சம் மூடிக்கும். சத்தம் அடங்குனா சரியாப் போச்சுன்னு அர்த்தம் இல்ல.”

அதோடு விடவில்லை. டாஷ்போர்டுக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினார். ஏசி குழாய்களைக் கொண்டுவர இன்ஜின் அறைக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் இரண்டு ஓட்டை போட்டிருந்தார்கள். ஓட்டையைச் சுற்றி இருக்க வேண்டிய ரப்பர் இல்லை. விரிசலில் கசிந்த புகை அந்த ஓட்டை வழியாக உள்ளே வந்திருக்கிறது. கண்ணாடி மூடியிருந்ததால் வெளியே போக வழியில்லை. ஏசி அதையே சுற்றிச் சுற்றி எல்லோருக்கும் ஊட்டியிருக்கிறது. வயதானவர் என்பதால் அம்மாவுக்கு முதலில் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

எவ்வளவு கசிந்திருக்கும்? ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். இந்த வயதுள்ள பெட்ரோல் கார்களுக்கான புகைப் பரிசோதனையில், இன்ஜின் சும்மா ஓடும்போது கார்பன் மோனாக்சைடு 3 சதவிகிதம் வரை இருக்கலாம் என்பது விதி. 10 லட்சம் பங்கு புகையில் 30,000 பங்கு. மூடிய அறையில் 10 லட்சம் பங்கு காற்றுக்கு வெறும் 200 பங்கு இருந்தாலே இரண்டு மூன்று மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும். 1976-ல் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் கிடையாது. நம் நாட்டில் பெருநகரங்களின் புதிய கார்களுக்கு அது வந்ததே 1995-ல்தான். பரிசோதனையில் தேறிய வண்டியாகவே இருந்தாலும், அதன் புகை போக வேண்டிய வழியில் போனால்தான் பாதுகாப்பு.

மதுரைக்கு இந்த வாயு புதிதல்ல என்பது ஒரு வேடிக்கை. இரண்டாம் உலகப் போரின்போது பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு வந்தது. டி.வி.சுந்தரம் ஐயங்கார் மதுரையில் வளர்த்த டி.வி.எஸ். நிறுவனம் அப்போது கரி கேஸ் பிளான்ட்டைத் தயாரித்து, வண்டிகள் நின்றுவிடாமல் பார்த்துக்கொண்டது. மரக்கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் வரும் வாயுவை இன்ஜினுக்கு எரிபொருளாகக் கொடுப்பது அதன் வேலை. அந்த வாயுவில் எரிகிற சரக்கு பெரும்பாலும் இதே கார்பன் மோனாக்சைடுதான். ஒரு காலத்தில் பஸ்ஸை ஓட்டிய வாயு, இன்று ஒரு காரின் பின்சீட்டில் பாட்டிக்குத் தலைவலியாக வந்து உட்கார்ந்திருந்தது.

மெக்கானிக் முதலில் செய்தது மிக மலிவான வேலை. இரண்டு ரப்பர் வளையம், கொஞ்சம் சீலன்ட். தகட்டு ஓட்டைகள் அடைபட்டன. பாதிப் பிரச்னை அதிலேயே முடிந்தது. பழைய காரில் ஏசி மாட்டியிருப்பவர்கள் வேறு எதுவும் செய்யாவிட்டாலும் இந்த ஒன்றை டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம்.

விரிசல் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. வார்ப்பிரும்பை வெல்டிங் வைக்கலாம். முழுத் துண்டையும் முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் ராடு கொண்டு வைத்து, மெதுவாக ஆற விட வேண்டும். அப்படிச் செய்தும் பல நேரம் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே புதிதாக விரிசல் விடும். இங்கும் அதுதான் நடந்தது. பழைய இரும்புக் கடைகளில் தேடியதில் இரண்டு மேனிஃபோல்டுகள் கிடைத்தன. ஒன்று பின்னால் வந்த இசுசூ இன்ஜினுடையது, பொருந்தாது. இன்னொன்று பொருந்தியது, ஆனால் அதே இடத்தில் அதே விரிசல். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடர் உற்பத்தியை நிறுத்தியது 2014-ல்தான் என்றாலும், இந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜினின் காலம் அதற்கு வெகு முன்பே முடிந்துவிட்டது. டீசலுக்கு மாறிய வண்டிகளிலிருந்து கழற்றிய பெட்ரோல் இன்ஜின்கள் எல்லாம் என்றோ உருக்குலைக்குப் போய்விட்டன.

நல்ல பழைய மேனிஃபோல்டு கிடைத்திருந்தால் அதை மாட்டுவதுதான் புத்திசாலித்தனம். கிடைக்கவில்லை. “அப்ப ஹெடர்ஸ் அடிச்சுற வேண்டியதுதான்” என்று மெக்கானிக் சொன்னபோது மகனுக்குச் சிரிப்பு வந்தது, உடனே கூச்சமும் வந்தது. முப்பது வருஷ ஆசை நிறைவேறப் போகிறது, அம்மாவின் தலைவலியைக் காரணமாக வைத்து.

மெக்கானிக் காட்டிய வெல்டிங் பட்டறை கே.புதூர் பக்கம் இருந்தது. பட்டறைக்காரர் அதிகம் பேசாதவர். இன்ஜினின் தலைப்பகுதியைப் பார்த்ததும் மூன்று விரலைக் காட்டினார்.

சிலிண்டர் நான்கு. புகை வெளியேறும் வாசல் மூன்றுதான். இங்கிலாந்தின் பி.எம்.சி. நிறுவனம் வடிவமைத்த பி-சீரிஸ் இன்ஜின் குடும்பத்தின் குணம் அது. புகழ்பெற்ற எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் முதலில் இருந்ததும் இதே 1489 சிசி இன்ஜின்தான் என்று சொன்னால் அம்பாசடர்காரர்களுக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரும். ஒன்றாம் சிலிண்டருக்கும் நான்காம் சிலிண்டருக்கும் தனி வாசல். இரண்டும் மூன்றும் நடுவில் ஒரே வாசலைப் பங்கு போட்டுக்கொள்ளும். பழைய காலத்துக் கூட்டுக் குடும்ப வீடு மாதிரி.

அதில் சண்டை வராததற்குக் காரணம் எரியும் வரிசை: 1, 3, 4, 2. மூன்று எரிந்து முடித்து, நடுவில் நான்கு எரிந்த பிறகுதான் இரண்டின் முறை வரும். ஆக நடுவாசலில் ஒரு புகை, அடுத்து ஓர வாசல்களில் ஒரு புகை என்று மாறி மாறி வரும். அதனால் ஓரத்துக் குழாய்கள் இரண்டையும் முதலில் சேர்த்துவிட்டு, நடுக்குழாயைத் தனியாக நீளமாக இழுத்துக் கீழே கொண்டுபோய் இணைக்க வேண்டும். ஒரு வழியில் ஓடும் புகை, பின்னால் உறிஞ்சலை விட்டுச் செல்லும். அந்த உறிஞ்சல் அடுத்த வழியில் இருக்கும் புகையை இழுத்துக்கொடுக்கும். ஹெடர்ஸின் தந்திரம் முழுவதும் இதுதான்.

பட்டறைக்காரர் முதலில் குழாயைத் தொடவே இல்லை. கெட்டியான கம்பியை எடுத்து, புகை போக வேண்டிய வழியை இன்ஜின் அறையில் வளைத்து வளைத்துப் பார்த்தார். அம்பாசடரின் முன்பக்கத்தில் ஸ்பிரிங் வேலையைச் செய்வது வண்டியின் நீளவாக்கில் ஓடும் டார்ஷன் பார். அதில் படக் கூடாது. சேஸிஸில் படக் கூடாது. புதிதாக வைத்த கியர் கம்பிகளில் படக் கூடாது. இன்ஜின் ரப்பர் மவுன்டிங்கில் ஆடும் என்பதால் எல்லாப் பக்கமும் ஒரு விரல் இடம் வேண்டும். கம்பி மாடலுக்கே ஒரு நாள் போனது. வங்கி மேலாளரின் பொறுமை அதற்குள் தீர்ந்துவிட்டது.

“இன்னிக்குக் குழாய் ஆரம்பிக்கலையாண்ணே?”

“கம்பி தப்பாப் போனா நிமுத்திரலாம் சார். குழாய் தப்பாப் போனா காசு.”

அடுத்து ஃபிளேஞ்ச். பழைய கேஸ்கட்டை அட்டையில் வைத்து வரைந்து, 10 மில்லிமீட்டர் கனத் தகட்டில் வெட்டி, துளை போட்டு, அரம் வைத்து ராவினார்கள். இந்த இன்ஜினில் கார்ப்ரேட்டர் பக்கத்து மேனிஃபோல்டும் புகை மேனிஃபோல்டும் தலையின் ஒரே பக்கத்தில் நெருங்கி இருக்கும். ஒரே நட்டும் வாஷரும் இரண்டின் ஃபிளேஞ்சையும் சேர்த்துப் பிடிக்கும் இடங்கள் உண்டு. ஒன்று கனமாகவும் மற்றொன்று மெல்லியதாகவும் இருந்தால் வாஷர் சாய்ந்து உட்காரும், மெல்லியது கசியும். மகன் வேடிக்கை பார்க்கும்போதே பட்டறைக்காரர் இதற்காக நான்கு முறை அளந்தார். இத்தனை பாடும் கசிவை நிறுத்தத்தான் என்பதை அவரிடம் யாரும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

குழாய்க்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடலாமா என்று மகன் கேட்டார். பளபளப்பாக இருக்கும், துருப்பிடிக்காது. ஆனால் சூட்டில் சாதாரண இரும்பைவிட அதிகம் விரியும். விரிய இடம் விடாவிட்டால் வெல்டிங்கில் விரிசல் விடும். விரிசலுக்குப் பயந்துதானே இங்கே வந்தது? ஒன்றரை அங்குல மைல்டு ஸ்டீல் என்று முடிவானது. ரெடிமேட் வளைவுகள் சரியாக வந்த இடத்தில் அதையே வெட்டிச் சேர்த்தார்கள். ஓர் இடத்தில் மட்டும் எந்த வளைவும் பொருந்தவில்லை. அதற்குப் பட்டறைக்காரர் பழைய முறைக்குப் போனார். குழாய்க்குள் காய்ந்த மணலைக் கெட்டியாக அடைத்து, இரண்டு பக்கமும் மூடி, கேஸ் சூட்டில் சிவக்க வைத்து மெதுவாக வளைத்தார். மணல் உள்ளே இருப்பதால் குழாய் நசுங்காது. துளி ஈரம் இருந்தாலும் நீராவியாகி மூடியைத் தெறிக்க வைத்துவிடும் என்பதால் மணலை வாணலியில் போட்டு வறுத்திருந்தார்கள்.

வண்டியிலேயே வைத்துப் பொட்டுப் பொட்டாக வெல்டிங் பிடித்து, கழற்றி, ஓர் உதவாத சிலிண்டர் தலையில் இறுக்கி மாட்டி, ஆர்கான் வெல்டிங்கில் முழுசாக ஓட்டினார்கள். அப்படி இறுக்கியும் வெல்டிங் சூட்டில் ஃபிளேஞ்ச் லேசாக வில்லாக வளைந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாது, ஸ்கேல் வைத்தால் தெரியும். கொண்டுபோய் மட்டமாக இழைத்து வந்தார்கள். அவசரத்தில் அடிக்கிற ஹெடர்ஸ் ஆறு மாதத்தில் கேஸ்கட்டைத் தின்பது இந்த ஒரு வேலையை விட்டுவிடுவதால்தான்.

கடைசி நாள் சத்தத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. பட்டறையில் நின்ற ஓர் இளைஞர், சைலன்சரை எடுத்துவிட்டுக் குழாயை நேராக விட்டால் ‘கெத்தா’ இருக்கும் என்றார். மகனுக்கு ஒரு நிமிடம் சோழவரம் ஞாபகம் வந்திருக்க வேண்டும். மெக்கானிக் விடவில்லை. சைலன்சர் இல்லாமல் வண்டியைச் சாலையில் ஓட்ட விதி இடம் தராது. சத்தம் வரம்பு மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், உரிமத்துக்கும் ஆபத்து. ஆர்.சி. விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த அமைப்போடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. 50 வயது தாண்டிய கார்களை ‘வின்டேஜ்’ என்று பதிவு செய்ய 2021-ல் வந்த விதியும் சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் இல்லாத வண்டியைத்தான் ஏற்கும். தரை கியரும் ஏசியும் வைத்த வண்டிக்கு அந்த ஆசை எவ்வளவு தூரம் பலிக்கும் என்பது வேறு விஷயம். “பழசைக் கடாசிறாதீங்க. என்னைக்காவது நல்ல ஆளு கிடைச்சா ஒட்டிக்கலாம்” என்றார் மெக்கானிக். விரிசல் விட்ட மேனிஃபோல்டு இப்போது சாக்கில் சுற்றி வீட்டுப் பரணில், அப்பாவின் நெல் அளக்கும் மரக்காலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

பழைய சைலன்சர் மாதிரியே ஒன்றை மாட்டி வண்டியை எடுத்தார்கள். சக்தி கூடியதா? கார்ப்ரேட்டரைக் கொஞ்சம் திருத்திய பிறகு மேலேறும்போது மூச்சு வாங்குவது குறைந்தது என்கிறார் மகன். அம்பாசடரின் இன்ஜினில் ஹெடர்ஸ் மட்டும் மாட்டி அதிசயம் எதிர்பார்க்க முடியாது. அவர் சொல்வதில் பாதி செலவு செய்த மனசு சொல்வது. இன்ஜின் அறையில் சூடு கூடியது மட்டும் நிச்சயம். வார்ப்பிரும்பின் கனம் மெல்லிய குழாய்க்கு இல்லை. மதுரை மே மாதத்தில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுபோக, பெட்ரோல் பம்ப்பில் ஈரத்துணி சுற்றிய டிரைவர்களை இந்த ஊர் பார்த்திருக்கிறது. அதனால் கார்ப்ரேட்டருக்கு அடியில் ஓர் அலுமினியத் தகடு தடுப்பாக வைத்தார்கள்.

சத்தம் மாறியது. பெரிதாக இல்லை. முன்பு கரகரத்த தொண்டை, இப்போது கொஞ்சம் தெளிந்திருந்தது. முதல் நாள் வண்டி தெருவுக்குள் வந்தபோது அம்மா வாசலுக்கு வரவில்லை. “வேற யாரோ வண்டின்னு நெனச்சேன். உங்கப்பா வண்டி இப்படிக் கத்தாதே” என்றார். மகனிடம் அதற்குப் பதில் இல்லை.

இரண்டு வாரம் கழித்து எல்லோரும் காரைக்குடிக்குக் கிளம்பினார்கள். அதற்குள் நட்டுகளை, சூடாகி ஆறிய பிறகு, இரண்டு முறை மறுபடி இறுக்கியிருந்தார்கள். பேத்தி ஆன்லைனில் வரவழைத்த கார்பன் மோனாக்சைடு கருவி ஒன்று டாஷ்போர்டில் இருந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. யானைமலையைத் தாண்டும்போது அதில் பூஜ்யம். மேலூரில் பூஜ்யம். ஏசி ஓடியது, கண்ணாடிகள் மூடியிருந்தன. மகன் சாலையைவிட அந்தப் பூஜ்யத்தைத்தான் அதிகம் பார்த்தார்.

மேலூர் தாண்டியது. தலைவலி என்ற பேச்சு பின்சீட்டிலிருந்து வரவில்லை. பேச்சே வரவில்லை. கண்ணாடியில் பார்த்தார். அம்மாவின் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது.

தூக்கமும் ஓர் அறிகுறி என்று மகள் சொல்லியிருந்தாள்.

கருவியில் பூஜ்யம்தான் இருந்தது. ஆனாலும் அவர் வண்டியைப் புளியமரத்தடியில் ஓரம் கட்டி, ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்து தோளைப் பிடித்து உலுக்கினார்.

“அம்மா... அம்மா...”

அம்மா திடுக்கிட்டு விழித்தார். “என்னடா, பிள்ளையார்பட்டி வந்துருச்சா?”

“இல்லம்மா. தலை வலிக்குதா?”

“நீ எழுப்புனதுலதான்டா வலிக்குது. வண்டிய எடு” என்று முந்தானையை இழுத்து முகத்தில் போட்டுக்கொண்டு, அம்மா மறுபடி சாய்ந்துகொண்டார்.